வட்டியை மட்டும்

ஆண்டவரே,
நீர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில்
ஓரிடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.
கடனாளிகள் வருகிற இடம்.
நாலு வருஷமாக
அந்த வரி வரும்போது இருமுகிறேன்,
முந்தானையைச் சரிசெய்கிறேன்,
பக்கத்துப் பிள்ளையின் செருப்பைத் தேடுகிறேன்.
தகரக் கூரைக்குக் கீழே எல்லோரும் அதைக் கடந்து
ஆமெனை நெருங்கும்போது
ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்கிறேன்.

உமக்குத் தெரியும்.
கிளாடிஸ் கிறிஸ்மஸ் சீட்டு பிடித்தாள்.
மாதம் இரண்டாயிரம், இருபது மாதம்.
காசிமேட்டுக் கொட்டகையில்
கிலோ கணக்கில் இறால் உரித்த காசு.
தலைமுள் குத்திய விரலில்
ஐஸ் தண்ணி பட்டால் எப்படி இருக்குமென்று
ஆணி குத்திய கைக்காரர் உமக்கு
நான் சொல்ல வேண்டியதில்லை.
டிசம்பர் இருபத்திரண்டு.
அவள் வீட்டுக் கதவில் பூட்டு.
பூட்டுக்கு மேலே
காகித நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது.
சுவிட்சை அணைக்கக்கூட நேரமில்லை அவளுக்கு.

பெனிட்டா நர்சிங் சேரவில்லை.
எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வாசலில் நின்று
"வாங்கக்கா, உள்ள வந்து பாருங்கக்கா" என்கிறாள்
காலை பத்திலிருந்து ராத்திரி பத்துவரை.
வந்ததும் சுவரில் காலைத் தூக்கிப் போட்டுப் படுப்பாள்.
நான் நோட்டை எடுப்பேன்.
நாற்பதாயிரம்.
கீழே வட்டி.
வட்டிக்கு வட்டி.
பெனிட்டாவின் கால் வீக்கத்துக்குத் தனியாக ஒரு வரி.
போடாத வெள்ளை யூனிஃபார்முக்கு ஒரு வரி.
வேதம் வாசிக்காமல் படுத்த ராத்திரி உண்டு,
நோட்டைப் பார்க்காமல் படுத்ததில்லை.

போன மாதம் திரும்பி வந்தாள்.
இளைத்திருந்தாள். காதில் ஈர்க்குச்சி.

வியாழக்கிழமை தண்ணி லாரி.
வரிசையில் அவள் பச்சைக் குடம்.
ஒருத்தி காலால் தள்ளினாள்.
இன்னொருத்தி தள்ளினாள்.
உருண்டு உருண்டு
சாக்கடை ஓரத்தில் போய் நின்றது.
"சீட்டுக்காரிக்குத் தண்ணி ஒரு கேடா?"
சொன்னது நான்தான்.
எல்லோரும் சிரித்தார்கள்.
அவளும் சிரிக்கப் பார்த்தாள்.
அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஓஸ் என் கையில் இருந்தது.
என் குடம் நிறைந்து வழிந்தது.
மனசு ஒன்றும் இளகவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.
கைதான் போனது.
பச்சைக் குடத்தை எடுத்துக் கழுவி
என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்து
ஓஸைப் போட்டது.
கழுத்துவரை நிறையும் நேரம்
இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
பணம் எங்கே போனதென்று கேட்கவில்லை.
கேட்டால் ஏதாவது சொல்லியிருப்பாள்,
எனக்குப் பரிதாபம் வந்திருக்கும்.
பரிதாபம் வேறே.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
இருநூறு ரூபாய் நீட்டினாள்.
"இன்னிக்கி இவ்ளோதான்க்கா."
வாங்கிக்கொண்டேன்.
வேண்டாமென்று சொல்லியிருந்தால்
பெரிய மனுஷி ஆகியிருப்பேன்.
எனக்கு கேஸ் புக் பண்ண வேண்டியிருந்தது.

அன்று ராத்திரி நோட்டில் கழித்தேன்.
முப்பத்தொன்பதாயிரத்து எண்ணூறு.
பிறகு வட்டியை அடித்தேன்.
வட்டிக்கு வட்டியை அடித்தேன்.
கால் வீக்கத்தின் மேல் பேனா நின்றது.
அது என் கணக்கு இல்லையே,
பெனிட்டாவுடையது.
எழுப்பிக் கேட்டிருக்கலாம்.
அசந்து தூங்கினாள், விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வரி வந்தது.
இருமவில்லை.
"போல" என்ற இடம்வரை வந்தேன்.
இரண்டே எழுத்து,
அதற்குள் என்னைப் பிடித்து வைத்திருக்கிறீர்.
நான் செய்வது போலத்தான் நீரும் என்றால்
முதல் அப்படியே நிற்குமா,
வட்டி மட்டும்தான் தள்ளுபடியா?
அது எனக்குக் காணாது ஆண்டவரே.
தண்ணி லாரிக்கு முன்னால் நான் சொன்னதும்
உம்முடைய நோட்டில் இருக்குமே.

அப்போதுதான் கேட்டது,
பின்னால், பாயின் கடைசி ஓரத்தில்,
யாரோ இருமுவது.
திரும்பிப் பார்க்கவில்லை.
அந்த இருமல் எனக்குத் தெரியும்.